பிராங்கே கண்ட பள்ளி

கல்வி என்பது ஏட்டைப் படித்து மனத்தில் இருத்துவதோடு நிறைவு பெறுவதன்று. படித்தது கருத்தில் ஊன்ற வேண்டும். கருத்தில் ஊன்றியது கையால் செயற்பட வேண்டும். செயற்பட்டது பிறர்க்குப் பயன்பட வேண்டும். இந்நாளில் கல்வியாளர் பலரும் வற்புறுத்தும் இவ்வுண்மையை, 300 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பள்ளியின் அன்றாட நடைமுறையாக்கிக் காட்டியவர் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்னும் பெரியார். ஜெர்மனி நாட்டில், சாலே ஆற்றங்கரையில் உள்ள ஹாலே நகரின் புறத்தே அவர் நிறுவிய பள்ளி, ஒரு சிற்றறையில் தொடங்கிப் பல நாட்டு மாணவர் தங்கிப் பயிலும் பெருநிலையமாக ஓங்கியது. நம் தமிழகத்துத் தரங்கம்பாடிக்கும் அப்பள்ளிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆதலின் அவர் வரலாற்றை நாம் அறிந்துகொள்ளுதல் தகும்.

பிறப்பும் இளமையும்

பிராங்கே 1663 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், வட ஜெர்மனியின் வணிக நகரமாகிய லூபெக்கில் பிறந்தார். அவர் தந்தையார் சட்டக்கலையில் வல்லவர். கோத்தா என்னும் சிறு நாட்டை ஆண்ட எர்ன்ஸ்டு கோமகன் அவரைத் தம் அரசியற் பணிக்கு அழைத்தமையால், 1666 இல் குடும்பம் அந்நகரில் குடியேறியது. எர்ன்ஸ்டு கோமகன் பக்தியும் கல்வி ஆர்வமும் உடையவர். சிற்றூர்ச் சிறுவரும் பள்ளிக்கு வருதல் வேண்டும் என்று அவர் விதி வகுத்திருந்தார். சொற்களை மட்டுமன்றிப் பொருள்களையும் கண்டு கற்கும் முறை அந்நாட்டுப் பள்ளிகளில் வேரூன்றியிருந்தது. இச்சூழலில் வளர்ந்தமை பிராங்கேயின் பிற்கால வாழ்வுக்கு வித்தாயிற்று.

1670 இல் தந்தையார் காலமானார். அப்பொழுது பிராங்கேக்கு வயது ஏழு. ஆயினும் அவர் கல்வி தடைப்படவில்லை. எர்பர்ட், கீல் ஆகிய இடங்களில் உயர்கல்வி பயின்றார். ஹாம்பர்க் நகரில் எபிரேய மொழியை ஐயந்திரிபறக் கற்றார். பின்னர் லைப்சிக் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே 1686 இல் இளம் ஆசிரியர் சிலருடன் கூடி, விவிலியத்தை அதன் மூலமொழிகளிலேயே ஆராயும் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தார்.

ஐயமும் தெளிவும்

புலமையால் அவர் புகழ் வளர்ந்தது. உள்ளமோ அமைதி பெறவில்லை. 1687 இல் லூனபர்க் என்னும் ஊரில் தங்கியிருந்தபொழுது, ஒரு கோயிலில் சொற்பொழிவு ஆற்றும்படி அவரை வேண்டினர். நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதற்காகக் குறிப்புகள் எழுத அமர்ந்தார். தாம் பிறர்க்கு எடுத்துரைக்கப் போகும் அந்நம்பிக்கை தமக்கே உண்டா என்னும் ஐயம் அவரைப் பற்றிக்கொண்டது. ஏடுகள் பல கற்றும் அவற்றுள் ஒன்றும் தம் நெஞ்சின் உடைமை ஆகவில்லை என்று கண்டு பெரிதும் கலங்கினார். நாட்கள் சில சென்றபின், ஓர் இரவு முழங்காலில் நின்று வழிபடுங்கால் கலக்கம் நீங்கித் தெளிவு பெற்றார். அன்று முதல், வாயளவில் நிற்கும் அறிவை அவர் அறிவாகக் கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு ஹாம்பர்க் நகரில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்தார். பேரறிஞர் அவையில் வாதிட்டவர், எழுத்தறியாச் சிறாரோடு அமர்ந்து, அவர்கள் கருத்தில் ஒரு செய்தியைப் பதியவைப்பது எத்துணை அரியது என்பதை உணர்ந்தார். பின்னர் லைப்சிக்குக்குத் திரும்பி, கற்றோர் மொழியாகிய இலத்தீனை விடுத்துத் தாய்மொழியிலும் விரிவுரை ஆற்றினார். மாணவரேயன்றி நகர மக்களும் கேட்கத் திரண்டனர். பழைமை போற்றுவோர் இதனைப் பொறாராயினர், விரிவுரைகள் தடுக்கப்பட்டன. எர்பர்ட் நகரில் சமயப் பணியாற்றச் சென்றார். 1691 இல் அந்நகரினின்றும் வெளியேற்றப்பட்டார்.

கிளௌகாவின் நிலை

இவ்வாறு இருமுறை துரத்தப்பட்ட பிராங்கேக்கு, ஸ்பேனர் என்னும் மூத்த அறிஞரின் முயற்சியால் பிராண்டன்பர்க் நாட்டில் இடம் கிடைத்தது. ஹாலே நகரில் புதிதாக உருவாகிக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் கீழ்த்திசை மொழிகளும் கற்பிக்கும் பேராசிரியர் பதவியும், நகர்ப்புறத்துக் கிளௌகாவில் சபைக்குரு பதவியும் அவருக்கு அளிக்கப்பட்டன. 1692 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஹாலே வந்து சேர்ந்தார்.

கிளௌகா வறுமையும் அறியாமையும் குடிகொண்ட இடம். சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பரவிய கொள்ளைநோய் மக்களுட் பெரும்பாலோரைக் கொண்டுபோயிருந்தது. எஞ்சியோர் வாழ்ந்த ஏறக்குறைய 200 வீடுகளுள் 37 மதுக்கடைகளாக விளங்கின. பெற்றோரை இழந்த பிள்ளைகள் தெருக்களில் திரிந்தனர்.

வியாழக்கிழமைதோறும் குருவின் இல்லத்து வாயிலில் இரவலர் உணவுக்காகக் கூடுவது வழக்கம். பிராங்கே அவர்களுக்கு அப்பம் கொடுத்து அனுப்புவதோடு அமையவில்லை. ஒரு நாள் அவர்களை உள்ளே அழைத்து, முதியோரை ஒருபுறமும் சிறாரை ஒருபுறமும் அமர்த்தி, எளிய வினாக்கள் சிலவற்றைக் கேட்டார். சிறார் எழுத்தும் அறியார், நெறியும் அறியார். இன்று கொடுக்கும் அப்பம் இன்றைப் பசியைத்தான் தீர்க்கும். அறியாமையை அகற்றினாலன்றி நாளையும் இவர்கள் இவ்வாயிலிலேயே நிற்பர் என்று அவர் எண்ணினார். பள்ளிக்கட்டணத்திற்கெனப் பொருள் கொடுத்தும் பார்த்தார். பொருளைப் பெற்றுக்கொண்டனர், பள்ளிக்குச் சென்றாரில்லை.

நான்கு தாலர் முதல்

1695 ஆம் ஆண்டு தம் வீட்டில் ஓர் அறப்பெட்டியைப் பொருத்தினார். ஒரு நாள் யாரோ ஓர் அம்மையார் அதில் நான்கு தாலரும் பதினாறு குரோசன் காசும் இட்டுச் சென்றார். பொருளுடையார்க்கு அது சிறுதொகை. பிராங்கேக்கோ அது தகுந்த மூலதனமாகத் தோன்றியது. அதனைக்கொண்டு ஏழையர் பள்ளி ஒன்றைத் தொடங்குவது என அப்பொழுதே உறுதி கொண்டார். அன்றே இரண்டு தாலருக்குப் புத்தகங்கள் வாங்கினார். வறிய மாணவர் ஒருவரை நாள்தோறும் இரண்டு மணி நேரம் கற்பிக்க அமர்த்தினார். தம் படிப்பறைக்கு முன்னிருந்த சிற்றறையையே பள்ளியாக்கினார்.

தொடக்கமே தோல்வியாக முடியும்போல் இருந்தது. வழங்கிய 27 புத்தகங்களுள் நான்கே திரும்பி வந்தன. மற்றவற்றைப் பெற்ற பிள்ளைகள் மீண்டும் வரவேயில்லை; பலர் அவற்றை விற்றும் விட்டனர். பிறராயின் ஏழைகளின் நன்றியின்மையைப் பழித்து முயற்சியைக் கைவிட்டிருப்பர். பிராங்கே எஞ்சிய காசுக்கு வேறு புத்தகங்கள் வாங்கினார். பாடம் முடிந்தபின் அவற்றைப் பள்ளியிலேயே வைத்துச் செல்லும்படி செய்தார். குறை பிள்ளைகளிடத்தன்று, ஏற்பாட்டிலே உள்ளது என்று கண்டு அதனைத் திருத்திக்கொண்டமை அவர் அறிவின் திறமாகும்.

அநாதைகள் இல்லம்

பகலில் கற்றதைப் பிள்ளைகள் தெருவிலே மறந்துவிடுவதைப் பிராங்கே கண்டார். தங்கிப் பயிலும் இல்லம் இன்றியமையாதது என்று துணிந்தார். அன்பர் ஒருவர் 500 தாலர் அளிக்கவே, அதன் வருவாயைக்கொண்டு அநாதைக் குழந்தை ஒன்றை வளர்க்கக் கருதினார். ஆனால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு குழந்தைகளைப் பற்றி அவரிடம் கூறினர். ஒன்றை ஏற்று மூன்றைத் தள்ள அவர் மனம் ஒருப்படவில்லை. நான்கையும் ஏற்பது எனத் துணிந்தார். விரைவிலேயே அத்தொகை ஒன்பதாயிற்று. அதே காலத்தில் உயர்குடிப் பெண்மணி ஒருவர் தம் பிள்ளைகளுக்கு வீட்டாசிரியர் ஒருவரை அனுப்பும்படி வேண்டினார். பிள்ளைகளையே தம்மிடம் அனுப்புமாறு பிராங்கே கூறினார். இதுவே பின்னாளில் பெடகோகியம் என்னும் பெயரால் புகழ்பெற்ற விடுதிப் பள்ளியின் தோற்றம். 1697 இல் இலத்தீன் பள்ளியும், 1698 இல் பெண்களுக்கான பள்ளியும் தோன்றின.

இடம் போதாமையால் பெருங்கட்டடம் ஒன்று எழுப்ப வேண்டியதாயிற்று. அதற்குமுன் நியூபவர் என்னும் மாணவரை ஹாலந்து நாட்டுக்கு அனுப்பி, அங்குள்ள அநாதை இல்லங்களின் அமைப்பை ஆராய்ந்துவரச் செய்தார். பொற்கழுகு என்னும் பெயருடைய விடுதி ஒன்றை விலைக்கு வாங்கி, அதன் அருகே 1698 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அடிக்கல் நாட்டினார். குடிவெறியர் கூடிய ஊரில், குழந்தைகளுக்கென ஒரு மாளிகை எழலாயிற்று. வாரந்தோறும் வேலையாட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். கையிற் காசில்லாத வாரங்களும் இருந்தன. அவ்வேளைகளில் எதிர்பாரா இடங்களினின்றும் பொருள் வந்து சேர்ந்தது. அதனை இறைவன் அருள் என்றே பிராங்கே எழுதிவைத்தார். அக்கட்டடத்தின் முகப்பில் கதிரவனை நோக்கிப் பறக்கும் இரு கழுகுகளின் உருவத்தை இன்றும் காணலாம்.

நன்கொடையை மட்டும் நம்பி அவர் வாழ்ந்தாரல்லர். எலர்ஸ் என்னும் தொண்டர், ஏழையர்பால் நாம் ஆற்றவேண்டிய கடமையைப் பற்றிப் பிராங்கே ஆற்றிய சொற்பொழிவை அச்சிட்டு, லைப்சிக் சந்தையில் விற்றார். அத்தொடக்கத்தினின்றும் அச்சகமும் புத்தகசாலையும் வளர்ந்தன. மருந்தகத்தில் செய்த மருந்துகள் தொலைநாடுகளுக்கும் சென்றன. இவற்றின் வருவாய் பிள்ளைகளின் உணவும் உடையும் ஆயிற்று. பல்கலைக்கழகத்து வறிய மாணவர்க்கு இல்லத்தில் உணவளிக்கப்பட்டது. அவர்கள் கைம்மாறாகப் பள்ளிகளில் பாடம் கற்பித்தனர். இதனால் ஏழை மாணவர் பசி தீர்ந்தது. பள்ளிக்கு ஆசிரியர் கிடைத்தனர். ஆசிரியப் பயிற்சிக்கும் வழி பிறந்தது. ஒரு செயலால் மூன்று பயன் விளைத்தல் இதுவன்றோ!

கையால் கற்ற கல்வி

பிராங்கேயின் பள்ளியில் இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் கற்பிக்கப்பட்டன. சமயக் கல்வி எல்லாவற்றுக்கும் முதலிடம் பெற்றது. இவற்றோடு பிற பள்ளிகளில் அரிதாகவே காணப்பெற்ற பயிற்சிகளும் அங்கு இருந்தன. ஓய்வு நேரங்களில் மாணவர் கடைசற் பொறியில் மரம் கடைந்தனர், கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துச் செப்பம் செய்தனர், தடித்த தாளால் உருவங்கள் அமைத்தனர், ஓவியம் பயின்றனர். ஆசிரியருடன் வயல்வெளிகளில் உலவிச் செடிகொடிகளை இனம் கண்டனர். கைவினைஞர் பட்டறைகளுக்குச் சென்று, ஒரு பொருள் எவ்வாறு உருப்பெறுகிறது என்பதை நேரிற் பார்த்தனர். பிரபுக்களின் மைந்தரும் இப்பயிற்சிக்கு விலக்கல்லர். கண்ணாடி தேய்த்த கை, தொலைநோக்கியின் அருமையைத் தானே உணரும். மரம் கடைந்த கை, தச்சனை இழிவாக எண்ணாது.

ஒருவன் ஒரு பாடத்தில் முன்னேறியும் மற்றொன்றில் பின்தங்கியும் இருத்தல் இயல்பு. இதனை உணர்ந்து, ஒவ்வொரு பாடத்திற்கும் அவனவன் தகுதிக்கேற்ற வகுப்பில் அமரும் முறையும் பெடகோகியத்தில் மேற்கொள்ளப்பட்டது.

உலகையே பிள்ளைகளின் கண்முன் நிறுத்துவதற்காகப் பிராங்கே ஒரு காட்சிச்சாலை அமைத்தார். கல்லும் சங்கும், விலங்கின் உடலும் பறவையின் முட்டையும், கப்பல் உருவங்களும், பல நாட்டு மக்களின் உடையும் கருவியும் அங்குத் திரட்டப்பட்டன. கூரையினின்றும் முதலை ஒன்று தொங்கியது. உலகப்படத்தில் பெயரளவில் கண்ட நாடுகள், அவ்வறையில் கைக்கெட்டும் பொருள்களாக விளங்கின.

மாணவரும் பல நாட்டினர். ஆங்கிலச் சிறுவருக்கென ஒரு தனி இல்லமே இருந்தது. பால்டிக் கடற்கரை நாடுகளிலிருந்தும் அங்கேரியிலிருந்தும் வடபுல நாடுகளிலிருந்தும் இளைஞர் வந்து பயின்றனர். கற்றுச் சென்றவர் தத்தம் நாட்டில் ஹாலே முறையைப் பரப்பினர். அப்பள்ளியில் ஆசிரியராயிருந்த ஹெக்கர் என்பவர், தொழிற்கும் வாழ்க்கைக்கும் பயன்படும் கல்வியைத் தரும் புதுவகைப் பள்ளியை 1747 இல் பெர்லினில் நிறுவினார்.

தரங்கம்பாடித் தொடர்பு

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக், தம் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்குச் சமயத் தொண்டர் இருவரை அனுப்பினார். ஹாலேயில் பயின்ற சீகன்பால்கும் புளூச்சோவும் 1706 ஆம் ஆண்டு ஜூலை 9 ஆம் நாள் அங்கு வந்திறங்கினர். சீகன்பால்கு தமிழ் கற்ற முறை, பிராங்கேயின் மாணவர்க்கு முற்றும் ஏற்றதாயிருந்தது. அவர் தமிழாசிரியர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் இல்லத்திற்கு வருவித்து, அப்பிள்ளைகளின் அருகே தாமும் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஹாலே உலைக்களத்தில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டு, 1713 இல் அச்சுப்பொறியுடன் தரங்கம்பாடியை அடைந்தன. 1715 இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கு அச்சேறி நிறைவுற்றது. சீகன்பால்கு இலத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716 இல் ஹாலேயில் வெளிவந்தது. தரங்கம்பாடியிலிருந்து சென்ற கடிதங்களைப் பிராங்கே தொடர்ந்து அச்சிட்டு ஐரோப்பாவெங்கும் பரப்பினார். தமிழர் தம் வாழ்க்கையையும் சமயத்தையும் பற்றி எழுதிய மடல்களும் அவற்றுள் இடம்பெற்றன. தமிழ் ஓலைச்சுவடிகள் ஹாலேக்குச் சென்று சேர்ந்தன.

ஒளியும் நிழலும்

பெரியோர் வாழ்விலும் குறைகள் உண்டு. அவற்றை மறைத்தல் வரலாறாகாது. பிராங்கே பிள்ளைகளின் விளையாட்டை வீண்பொழுது என்று கருதி விலக்கினார். கைத்தொழில்கள் ஓய்வு நேரத்தில் இடம்பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணம். எந்நேரமும் ஆசிரியர் கண்காணிப்பு இருந்தது. பிள்ளைகளின் தன்விருப்பத்தை அடக்குதலே நன்னெறிக்கு வாயில் என்று அவர் நம்பினார்.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. சீகன்பால்கு தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றியும் வழிபாட்டு முறைகளைப் பற்றியும், நூல்களைக் கற்றும் மக்களைக் கேட்டும் அரிதின் முயன்று ஒரு பெருநூல் இயற்றி, 1713 இல் ஹாலேக்கு அனுப்பினார். தொண்டர்கள் சென்றது அவ்வழிபாட்டை ஒழிப்பதற்கேயன்றி, அதனை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்று கருதிப் பிராங்கே அதனை அச்சிட மறுத்தார். அந்நூல் ஒன்றரை நூற்றாண்டுக்காலம் உறங்கிக் கிடந்து, 1867 இல் சென்னையில் அச்சேறியது. 1721 இல் ஹாலேப் பல்கலைக்கழகத்துத் தத்துவப் பேராசிரியர் கிறிஸ்டியன் வுல்ப், சீன மக்களின் ஒழுக்கநெறியைப் பாராட்டிச் சொற்பொழிவாற்றினார். பிராங்கேயும் அவர் குழுவினரும் அதனை வன்மையாக எதிர்த்தனர். அவர்கள் முறையீட்டின் விளைவாக, 1723 இல் அப்பேராசிரியர் 48 மணி நேரத்துள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று மன்னர் ஆணையிட்டார். தாமே இருமுறை துரத்தப்பட்டவர், மற்றோர் அறிஞர் துரத்தப்படுதற்குக் காரணராயினார்!

உலகத்துப் பொருள்களை எல்லாம் பள்ளிக்குள் கொண்டுவந்தவர், உலகத்து மக்களின் எண்ணங்களுக்கு அவ்வளவு அகலமாகக் கதவைத் திறக்கவில்லை. ஆயினும் அவர் திறந்த சாளரம் மூடப்படவில்லை. அச்சிட மறுத்த நூலும் அழிக்கப்படாமல் எஞ்சியது, ஓலைச்சுவடிகள் பேணப்பட்டன. பின்வந்த அறிஞர் அவற்றால் தமிழரின் நாகரிகத்தை அறிந்தனர்.

மறைவும் புகழும்

பிராங்கே 1727 ஆம் ஆண்டு ஜூன் 8 ஆம் நாள் மறைந்தார். அப்பொழுது அவர் நிறுவிய பள்ளிகளில் 2,200க்கும் மேற்பட்டோர் பயின்றுவந்தனர். நான்கு தாலரிலும் பதினாறு குரோசனிலும் தொடங்கிய பணி, 32 ஆண்டுகளில் ஒரு சிறு நகரம்போல் விரிந்திருந்தது. அவருக்குப்பின் அவர் மைந்தர் கொத்தில்பு அகஸ்ட் பிராங்கே அப்பணியை ஏற்று நடத்தினார். 1829 இல் ஹாலேயில், இரு குழந்தைகள் அருகே நிற்கப் பிராங்கே விளங்கும் சிலை நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் 1946 இல் அந்நிறுவனம் தன்னுரிமை இழந்தது; ஜெர்மனி ஒன்றுபட்டபின் 1992 இல் அதனை மீண்டும் பெற்றது. சிதைந்த கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டன. பழைய காட்சிச்சாலையும் நூலகமும் அங்கு விளங்குகின்றன. பிள்ளைகளின் குரல் இன்றும் அம்முற்றங்களில் ஒலிக்கின்றது.

பெரும்பொருள் சேர்ந்தபின் அறம் செய்வோம் என்று காத்திருப்போர் பலர். அவர்கள் காத்திருக்கும்பொழுதே காலம் கடந்துவிடுகிறது. பிராங்கே, கையில் உள்ளதைக்கொண்டு, அன்றே, தம் வீட்டுச் சிற்றறையிலேயே தொடங்கினார். இருபத்துமூன்று புத்தகங்களை இழந்தும் மனம் தளர்ந்தாரல்லர். அம்முயற்சியை நாம் மேற்கொள்வோமாக. அவர் பிள்ளைகளின் கைகளுக்கு அளித்த பயிற்சியை நாமும் பெறுவோமாக. அவர் தயங்கி நின்ற இடத்தில் நாம் தயங்காது, வேற்று நாட்டார் கருத்தையும் வேற்று நெறியார் கருத்தையும் செவிசாய்த்துக் கேட்போமாக. அவர் திறந்த சாளரத்தை வாயிலாக்குவது, அவருக்குப்பின் வந்த நம் கடமையாகும்.